மக்னீசியத்தின் வலிமையும் கணிப்பொறியின் கணக்கும்

திருவனந்தபுரத்தினின்று கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் பயணம் செய்வோர் கழக்கூட்டம் என்னும் ஊரைக் கடந்து செல்வர். 1990 ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்ற டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகும். கணிப்பொறியே தொழிலாகக் கொண்ட பல்லாயிரவர் இவ்வூரில் நாள்தோறும் பணி புரிகின்றனர். இங்கிருந்து கடற்கரைப் பக்கமாகச் சில கிலோமீட்டர் சென்றால் தும்பாவை அடையலாம். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழுந்த இடம் அதுவே. இன்று அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் பரந்து விளங்குகின்றது. நகரின் தென்புறத்துப் பாப்பனங்கோட்டிலோ தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்துள்ளது. பிராந்திய ஆராய்ச்சிச் சாலை என்று முன்னாளில் பெயர் பெற்றிருந்த இந்நிறுவனம், இலேசான உலோகங்களை, அவற்றுள்ளும் மக்னீசியக் கலவைகளை, உருக்கி வார்க்கும் முறைகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது.

ஆகவே, எடையைக் குறைக்க விரும்புவோர், இலேசான உலோகத்தை வார்ப்போர், கணிப்பொறியில் கணக்கிடுவோர் ஆகிய மூவகையினரும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுக்குள் வாழும் வட்டாரம் இது. இம்மூன்று துறைகளும் சந்திக்கும் ஒரு விஞ்ஞானப் பிரச்சினையை இக்கட்டுரையில் காண்போம். மக்னீசியக் கலவை சுமையின் கீழ் எவ்வாறு உருமாறுகின்றது? அதனை எவ்வாறு வலுவூட்டலாம்? இவ்வினாக்களுக்குக் கணிப்பொறி தரும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இலேசான உலோகம்

ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.87 கிராம் எடையுள்ளது, அலுமினியம் 2.70 கிராம், மக்னீசியம் 1.74 கிராம் மட்டுமே. கட்டுமானத்திற்குப் பரவலாகப் பயன்படும் உலோகங்களுள் மக்னீசியத்தைக் காட்டிலும் இலேசானது வேறில்லை. ஆயினும், எடை குறைவு என்பதனால் மட்டும் ஓர் உலோகம் சிறந்ததாகிவிடாது. விறைப்பும் வேண்டும். விறைப்பின் அளவாகிய யங் குணகம் அலுமினியத்திற்குச் சுமார் 70 கிகாபாஸ்கல். மக்னீசியத்திற்குச் சுமார் 45 கிகாபாஸ்கல்தான்.

அப்படியானால் மக்னீசியத்தால் என்ன இலாபம் என்று மாணவர் கேட்கக்கூடும். இதனைக் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். வளையும் தகட்டின் விறைப்பு, அதன் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. எனவே அலுமினியத் தகட்டின் விறைப்பைப் பெற, மக்னீசியத் தகடு 70/45 என்னும் எண்ணின் கனமூலத்தளவு, அஃதாவது 1.16 மடங்கு தடிப்பாக இருந்தால் போதும். எடைகளின் விகிதம் 1.16 × 1.74 ÷ 2.70. இது ஏறத்தாழ 0.75 ஆகும். விறைப்பு குறையாமலே எடையில் காற்பங்கு மிச்சமாகின்றது. விண்ணில் செல்லும் கலத்திலும், எரிபொருளை அருந்தும் ஊர்தியிலும் இந்தக் காற்பங்கு பெருமதிப்புடையது.

மக்னீசியம் நமக்குப் புதிய பொருளன்று. சேலத்துச் சுண்ணாம்புக்கரடுகளில் கிடைக்கும் மாக்னசைட் என்னும் வெண்கல், மக்னீசியம் கார்பனேட்டே ஆகும். அதன் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பங்கு இவ்வுலோகம். கடல் நீரின் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 1.3 கிலோகிராம் மக்னீசியம் கரைந்துள்ளது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மின்பகுப்பினால் இவ்வுலோகத்தைப் பெறும் முறைகளை ஆராய்ந்துள்ளது. இருப்பினும் இந்தியா தனக்கு வேண்டிய மக்னீசியத்தின் பெரும்பகுதியை இறக்குமதி செய்தே பெறுகின்றது. அரிதாகக் கிடைக்கும் உலோகத்தை வீணாக்காமல் பயன்படுத்த, அதன் இயல்பை முன்னரே அறிதல் அவசியம்.

வளைய மறுக்கும் இயல்பு

அலுமினியத் துண்டைச் சாதாரண வெப்பநிலையிலேயே உருளைகளுக்கிடையே செலுத்தி மெல்லிய தகடாக்கலாம். மக்னீசியத்தை அவ்வாறு செய்ய முற்பட்டால் சிறிது தொலைவிலேயே விளிம்புகள் வெடித்துவிடும். சுமார் 225 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினாலோ அதே உலோகம் இணங்கி வளைகின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய, உலோகத்தின் உள்ளமைப்பை நோக்க வேண்டும்.

உலோகம் எண்ணற்ற சிறு படிக மணிகள் ஒட்டிய தொகுதி. ஒவ்வொரு மணியிலும் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. சுமை மிகும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. நிலையான உருமாற்றம் என்பது பெரும்பாலும் இந்த நழுவலே. ஓர் அடுக்கு முழுவதும் ஒரே சமயத்தில் நழுவுவதாகக் கொண்டு 1926 ஆம் ஆண்டில் ஃபிரெங்கெல் என்னும் ருஷ்ய விஞ்ஞானி கணக்கிட்டார். அவர் முறைப்படி கிடைக்கும் வலிமை, படிகங்களில் அளந்தறிந்த வலிமையைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதியாக இருந்தது. கணக்கில் தவறில்லை, கணக்கின் அடியிலிருந்த எண்ணமே தவறு. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

1934 இல் டெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே உண்மையைக் கண்டனர். கல்யாணக் கூடத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒரு விரற்கடை நகர்த்த வேண்டுமென்றால், முழுவதையும் பிடித்திழுப்பது கடினம். ஓர் ஓரத்தில் சிறு மடிப்பை எழுப்பி அதனை மறு ஓரம் வரை தள்ளிச் சென்றால் ஜமக்காளம் எளிதில் நகர்ந்துவிடும். படிகத்திலும் இத்தகைய மடிப்புகள் உண்டு. டிஸ்லொகேஷன் என்று விஞ்ஞானிகள் கூறும் இவற்றைப் பிறழ்வுக் கோடுகள் என்று இங்கே அழைப்போம். பிறழ்வுக் கோடு ஓடினால் உலோகம் உருமாறுகின்றது. அதனைத் தடுத்தால் உலோகம் வலுப்பெறுகின்றது. உருமாற்றமும் வலுவூட்டலும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பது இதனால் விளங்கும்.

ஐந்து வழிகளும் இரண்டு வழிகளும்

பழக்கடையில் எலுமிச்சம்பழங்களை நெருக்கமாகப் பரப்பினால், ஒவ்வொரு பழத்தையும் ஆறு பழங்கள் சூழ்ந்திருக்கும். இரண்டாம் அடுக்கு முதலடுக்கின் குழிகளில் அமரும். மூன்றாம் அடுக்கு முதலடுக்கிற்கு நேர் மேலாக அமைந்தால், அது மக்னீசியத்தின் அறுகோண அமைப்பு. மூன்றாம் அடுக்கு வேறு குழிகளில் அமைந்தால், அது அலுமினியத்தின் அமைப்பு. வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் விளைவு பெரிது. அலுமினியத்தில் நெருங்கிய அணுத்தளங்கள் நான்கு சாய்வுகளில் உள்ளன. மக்னீசியத்திலோ ஒரே ஒரு சாய்வில்தான் உள்ளன. அதனை அடித்தளம் என்பர்.

படிக மணி ஒன்று அண்டை மணிகளை விட்டுப் பிரியாமல் எவ்வகை உருவையும் ஏற்க வேண்டுமானால், ஒன்றையொன்று சாராத ஐந்து நழுவல் முறைகள் தேவை. இது ஃபான் மிசெஸ் 1928 இல் காட்டிய விதி. மக்னீசியத்தின் அடித்தளம் இரண்டே முறைகளைத் தருகின்றது. மேசைமேல் வைத்த தாள் கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் தாள்கள் நழுவும். மேலிருந்து அழுத்தினாலோ கட்டு மெலிவதில்லை. மக்னீசியப் படிகத்தின் நிலையும் இதுவே. அடித்தளத்திற்குக் குறுக்கே செல்லும் நழுவல் முறைகள் உண்டெனினும், சாதாரண வெப்பநிலையில் அவற்றை இயக்கப் பன்மடங்கு விசை வேண்டும். சூடாக்கும்போது அவை எளிதில் இயங்குகின்றன. 225 பாகையின் இரகசியம் இதுதான்.

குறுக்கு வழிகள் அடைபட்டிருக்கும்போது படிகம் வேறோர் உபாயத்தைக் கையாளுகின்றது. அதன் ஒரு பகுதி சட்டென்று ஏறத்தாழ 86 பாகை திரும்பி, எஞ்சிய பகுதியின் கண்ணாடிப் பிம்பம் போல் அமைந்துவிடும். இது இரட்டைப் படிகமாதல் எனப்படும். ஆனால் இந்த உபாயம் ஒருதிசைப் பட்டது. அடித்தளத்திற்குச் செங்குத்தான அச்சில் படிகம் நீளும்போது எளிதில் நிகழும், சுருங்கும்போது நிகழாது.

இதன் விளைவு பொறியியலாருக்கு முக்கியமானது. அச்சுத் துளை வழியே பிதுக்கி இழுத்த மக்னீசியக் கம்பியில், மணிகளின் அடித்தளங்கள் கம்பியின் நீளத்திற்கு இணையாக அமைகின்றன. அக்கம்பியை நீளவாக்கில் அழுத்தினால் அது குறுக்கே விரியும். உடனே இரட்டைப் படிகங்கள் தோன்றும். இழுத்தாலோ அவை தோன்றா. ஆகையால் அழுத்தத்தின்போது கம்பி நிலையாக உருமாறத் தொடங்கும் தகைவு, இழுவையின்போது உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகவே அமைதல் உண்டு. அலுமினியத்திற்கும் எஃகிற்கும் பழகிய கையேட்டில், இரண்டு திசைக்கும் ஒரே எண் தரப்பட்டிருக்கும். அந்த வழக்கத்தை மக்னீசியத்திற்கும் கையாண்டு ஒருவர் தாங்கு தண்டு அமைப்பாரானால், அது தாங்கும் என்று அவர் நம்பிய சுமையில் பாதியிலேயே உருக்குலையக்கூடும்.

வலுவூட்டும் வழிகள்

பிறழ்வுக் கோட்டின் ஓட்டத்தைத் தடுக்க மூன்று முக்கிய வழிகள் உள்ளன. முதலாவது, அலுமினியம், துத்தநாகம் போன்ற அன்னிய அணுக்களைக் கரைத்தல். ஏ.இஸட். 31 என்னும் கலவையில் நூற்றுக்கு 3 பங்கு அலுமினியமும் 1 பங்கு துத்தநாகமும் உள்ளன. இரண்டாவது, படிக மணிகளைச் சிறியனவாக்குதல். மணியின் எல்லையே பிறழ்வுக் கோட்டிற்குத் தடையாகும். 1951 இல் ஹாலும் 1953 இல் பெட்ச்சும் கண்ட விதிப்படி, மணியின் விட்டத்தை நாலில் ஒன்றாக்கினால் எல்லைகளால் வரும் வலிமை இரட்டிக்கும். சிறிதளவு சிர்கோனியம் சேர்த்தால் வார்ப்பின் மணிகள் நுண்ணியனவாகின்றன.

மூன்றாவது வழி, படிகத்தினுள் நுண்துகள்களைப் படிய வைத்தல். இங்கேதான் கணக்கின் பயன் தெளிவாகத் தெரிகின்றது. மக்னீசிய-அலுமினியக் கலவையில் படியும் துகள்கள் பெரும்பாலும் அடித்தளத்திற்கு இணையான தட்டுகளாக அமைகின்றன. பிறழ்வுக் கோடும் அதே தளத்தில்தான் ஓடுகின்றது. பாதை நெடுகிலும் விரித்த பாய் நடப்பவனைத் தடுப்பதில்லை; பாதைக்குக் குறுக்கே நிறுத்திய படல் தடுக்கும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியே என்னும் ஆராய்ச்சியாளர் 2003 ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டு வெளியிட்டார். துகள்களின் மொத்த அளவும் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தாலும், அடித்தளத்திற்குச் செங்குத்தாக நிற்கும் தட்டுகள், உருண்டைத் துகள்களைவிடவும் படுத்த தட்டுகளைவிடவும் மிகுதியாகத் தடுக்கும் என்பது அக்கணக்கின் முடிவு. இட்ரியம் முதலிய அருமண் தனிமங்கள் சேர்ந்த கலவைகளில் இத்தகைய நிற்கும் தட்டுகளே படிகின்றன. அவற்றின் வலிமைக்குக் காரணமும் இதனால் புலனாயிற்று.

அணுவிலிருந்து பொறியுறுப்பு வரை

மேற்கூறிய கணக்கு வடிவகணிதத்தால் அமைந்தது. நிகழ்ச்சியை முழுவதும் பின்தொடர வேண்டுமானால் கணிப்பொறி இன்றியமையாதது. ஒரே கணக்கால் யாவற்றையும் செய்துவிட முடியுமா? ஒரு கன மில்லிமீட்டர் மக்னீசியத்தில் சுமார் 4 இலட்சம் கோடி கோடி அணுக்கள் உள்ளன. இன்றைய மாபெரும் கணிப்பொறிகளாலும் அவ்வளவு அணுக்களைத் தனித்தனியே பின்தொடர இயலாது. ஆதலின் விஞ்ஞானிகள் ஏணிப் படிகள் போலப் பல கணக்குகளை அமைத்துள்ளனர்.

முதற் படி எலெக்ட்ரான்களின் கணக்கு. 1960-களின் நடுவில் வால்டர் கோனும் அவர்தம் கூட்டாளிகளும் வகுத்த கொள்கை இதற்கு அடிப்படை. சில நூறு அணுக்களை வைத்துக்கொண்டு, அவற்றிற்கிடையேயுள்ள பிணைப்பின் ஆற்றலை இதனால் அறியலாம்.

இரண்டாம் படி அணுக்களின் இயக்கக் கணக்கு. ஒவ்வோர் அணுவின்மீதும் உள்ள விசையைக் கண்டு, நியூட்டனின் விதிப்படி அதனைச் சிறிது நகர்த்தி, மீண்டும் விசையைக் கணக்கிடுவர். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் 1927 இல் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். அமெரிக்காவில் பணியாற்றிய அவர், திரவ நிலையிலுள்ள ஆர்கான் வாயுவின் 864 அணுக்களைக் கணிப்பொறியில் இயக்கி, அதன் முடிவை 1964 இல் வெளியிட்டார். அன்று நூற்றுக்கணக்கில் இருந்த எண்ணிக்கை இன்று பல கோடிகளாக வளர்ந்துள்ளது. ஆயினும் இக்கணக்கில் ஓர் எல்லையுண்டு. ஒவ்வொரு தப்படியும் ஒரு வினாடியின் நூறு இலட்சம் கோடியில் பத்தில் ஒரு பங்கு போன்ற மிக நுண்ணிய காலம். எனவே ஆராய்ச்சிச் சாலையில் மெதுவாக இழுக்கும் துண்டைக் காட்டிலும் ஆயிரம் கோடி, பத்தாயிரம் கோடி மடங்கு விரைவாகக் கணிப்பொறியிலுள்ள துண்டை இழுக்க நேர்கின்றது.

மூன்றாம் படியில் அணுக்களை விட்டுப் பிறழ்வுக் கோடுகளை மட்டும் பின்தொடர்வர். நான்காம் படி படிக மணிகளின் கணக்கு. மணிகள் யாவும் ஒரே அளவில் உருமாறுவதாக 1938 இல் டெய்லர் கொண்டார். 1993 இல் லெபென்சோனும் டோமேயும் ஒவ்வொரு மணியையும் அதன் சூழலுக்கேற்பத் தனித்தனியே உருமாறவிடும் முறையை வெளியிட்டனர். அடித்தள நழுவல், குறுக்கு நழுவல், இரட்டைப் படிகமாதல் ஆகியவற்றை வெவ்வேறாகக் கொள்ளும் இம்முறை மக்னீசியத்திற்கு மிகப் பொருத்தமாயிற்று.

ஐந்தாம் படியில் பொறியுறுப்பு முழுவதும் சிறு சிறு கூறுகளாகப் பகுக்கப்படுகின்றது. தும்பாவிலுள்ள விண்வெளி மையம் இத்தகைய கணக்கிற்கென ஃபீஸ்ட் என்னும் மென்பொருளைத் தானே ஆக்கியுள்ளது. வினாடிக்கு 220 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யவல்ல சாகா-220 என்னும் கணிப்பொறி, விண்கலப் பணிகளுக்கென 2011 மே மாதத்தில் அம்மையத்தில் தொடங்கிவைக்கப்பெற்றது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பரம் பொருள் என்னும் கணிப்பொறி 2022 மே மாதத்தில் திறந்துவைக்கப்பெற்றது.

ஏணியின் கீழ்ப்படி மேற்படிக்கு எவ்வாறு உதவுகின்றது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். அடித்தளத்திற்குக் குறுக்கே ஓடும் பிறழ்வுக் கோடுகள் இருந்தும் மக்னீசியம் ஏன் முறிகின்றது என்னும் வினாவிற்கு, வூ, கர்ட்டின் என்னும் இருவர் 2015 இல் அணுக்கணக்கால் விடை கண்டனர். அக்கோடுகள் விரைவிலேயே அசையாத வடிவங்களாக மாறி, தாமே ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றன. அருமண் தனிமங்களைச் சிறிதளவு சேர்த்தால் கோடுகள் ஒரு தளத்தினின்று மற்றொரு தளத்திற்குத் தாவிப் பெருகுவது விரைவாகின்றது என்றும், அந்தப் பெருக்கம் முந்திக்கொள்வதால் உலோகம் வளையும் தன்மை பெறுகின்றது என்றும் அவர்கள் தம் கூட்டாளிகளுடன் 2018 இல் விளக்கினர். எந்தத் தனிமம் உதவும், எது உதவாது என்று உருக்கிப் பார்க்குமுன்பே வடிகட்டும் வழி இதனால் திறந்தது.

கணக்கை நம்புவது எவ்வாறு?

ஃபிரெங்கெலின் கணக்கை இங்கே மீண்டும் நினைவு கூர்வோம். அதில் பெருக்கல் வகுத்தலில் பிழையில்லை. அடிப்படை எண்ணத்திலேயே பிழை. கணிப்பொறிக்கும் இது பொருந்தும். இழுவைக்கும் அழுத்தத்திற்கும் மக்னீசியத்தின் வலிமை ஒன்றே என்று அதனிடம் கூறினால், அதனை அது மறுத்துரைக்காது. அந்தத் தவற்றையே பத்து தசம இடங்கள் வரை திருத்தமாகக் கணக்கிட்டு வண்ணப் படமாகவும் வரைந்து தரும். படத்தின் அழகு உண்மைக்குச் சான்றன்று.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். மணிகளின் கணக்கில் ஒவ்வொரு நழுவல் முறைக்கும் வேண்டிய விசை போன்ற பல எண்கள் உள்ளன. அவற்றைப் பரிசோதனை வளைகோட்டுடன் ஒத்துவருமாறு பொருத்திக்கொள்வது வழக்கம். பொருத்தப் பயன்பட்ட அதே வளைகோட்டைக் காட்டிக் கணக்கு மெய்யானது என்று கூறுதல் தகாது. புத்தகத்தின் இறுதியில் உள்ள விடையைப் பார்த்து எழுதிய மாணவனுக்கு அவ்விடைக்காக மதிப்பெண் அளிப்பதில்லை அன்றோ! இழுவைச் சோதனையிலும் அழுத்தச் சோதனையிலும் எண்களைப் பொருத்திய பின், முன்னர்த் தொடாத மூன்றாவது திசையில் கம்பி எவ்வாறு நடக்கும் என்று கணக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். பின்பு அத்திசையில் சோதிக்க வேண்டும். இரட்டைப் படிகங்களின் அளவையும் நுண்ணோக்கியில் கண்டு ஒப்பிட வேண்டும். இவற்றில் தேறிய கணக்கே நம்பத்தக்கது.

கணக்கில் சேராதவற்றையும் மறத்தலாகாது. தும்பாவின் கடற்காற்றில் உப்பு உண்டு. உப்பு நீர் மக்னீசியத்தை அரிக்கும். வலிமைக் கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் அரிமானத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

வகுப்பில் செய்து காட்டத்தக்கவை

இப்பொருளை விளக்கக் கணிப்பொறி தேவையில்லை. நூறு தாள்கள் கொண்ட கட்டு ஒன்றைப் பக்கவாட்டில் தள்ளியும் மேலிருந்து அழுத்தியும் அடித்தள நழுவலின் குறையைக் காட்டலாம். ஜமக்காளத்தின் மடிப்பால் பிறழ்வுக் கோட்டை விளக்கலாம். செம்புக் கம்பியொன்றைச் சூடாக்கி ஆறவிட்டு வளைத்தால் எளிதில் வளையும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் வரவர விறைக்கும். பிறழ்வுக் கோடுகள் பெருகி ஒன்றையொன்று தடுப்பதே காரணம். இவற்றைச் செய்யுமுன், என்ன நிகழும் என்று மாணவர்களை எழுதிவைக்கச் சொல்லுதல் நன்று. எழுதியது பொய்த்த இடத்தில்தான் கற்றல் தொடங்குகின்றது.

பட்டறைகளிலும் சோதனைக் கூடங்களிலும் பணி புரிவோருக்கு ஒரு குறிப்பு. மக்னீசியக் கலவையின் மாதிரித் துண்டை அனுப்பும்போது, அது தகட்டின் எந்தத் திசையிலிருந்து, கம்பியின் எந்தப் பக்கத்திலிருந்து வெட்டப்பட்டது என்பதைத் தவறாமல் குறித்தனுப்புக. மற்ற உலோகங்களில் சிறு குறிப்பாகக் கருதப்படும் இவ்விவரம், மக்னீசியத்தில் முடிவையே மாற்றிவிடும். கழக்கூட்டத்திலோ வேறெங்கோ அமர்ந்து கணக்கிடுபவர் எத்துணைத் திறமை வாய்ந்தவராயினும், துண்டின்மேல் சுண்ணக்கட்டியால் இட்ட ஓர் அம்புக்குறியைத் தாமாகக் கற்பித்துக்கொள்ள இயலாது. அதனை இடவேண்டியவர், வெட்டியெடுத்தவரே.